ஆறு மில்லிமீட்டர்

இருபத்து மூன்று வாரத்தில் வெளியே வந்துவிடும் குழந்தையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வளர்த்துவிடலாம் என்று ஆன பிறகு, மிச்சமிருந்த சிக்கல் சாலைதான்.

கருவியின் பெயர் என்னவோ நீளமாக இருந்தது. பனிக்குடத்தின் வேலையைச் செய்ததால் மருத்துவமனைகளில் எல்லோரும் அதைக் குடம் என்றே சொன்னார்கள். உள்ளே இருப்பது தெரியும்படியான ஒரு பை, அதில் இளஞ்சூடான நீர், தொப்புள்கொடியோடு இணைந்த குழாய்கள், இரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் பெட்டி. வால்பாறை மலையில் இருந்த சிறிய மருத்துவமனையில்கூடக் குழந்தையைக் குடத்துக்குள் சேர்த்துவிட முடிந்தது. ஆனால் அங்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வசதியில்லை. அதற்குள் கோயம்புத்தூருக்கு வந்தாக வேண்டும். வழியில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் ஹெலிகாப்டரை நம்ப முடியாது. வண்டிதான்.

அந்த வண்டியின் சரக்கு அறைத் தளத்தை அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்து வைக்கும் பன்னிரண்டு பிராக்கெட்டுகளை வடிவமைத்தவள் மிருதுளா. லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் பாடி கட்டும் கோவைப் பட்டறை ஒன்றில் டிசைன் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. முப்பத்தெட்டு வயது. டிராயிங்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டின் அளவையும் வாய்விட்டு ஒருமுறை படிப்பாள். பட்டறையில் அதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

சரக்கு அறை என்றுதான் ஆவணங்களில் இருந்தது. குடத்துக்குள் இருக்கும் குழந்தை சட்டப்படி இன்னும் பிறக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பயணி என்று பதிவு செய்ய வழியில்லாததால், குடத்தை 'எளிதில் சேதமடையும் சரக்கு' என்ற தலைப்பில் சேர்த்திருந்தார்கள். அந்தத் தலைப்பில் வரும் கண்ணாடிக்கும் ஆய்வகக் கருவிக்கும் இருந்த விதியே இதற்கும் வந்தது. எந்தச் சாலையில் ஓடினாலும் தளத்தின் அசைவு அரை மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

அதற்கு மிருதுளாவுக்கு எட்டு மாதம் பிடித்தது. தளத்தை இறுக்கிப் பிடித்தால் சாலையின் அதிர்வு முழுவதும் உள்ளே வரும். தளர்த்தினால் தளம் ஆடும். நான்கு அடுக்கு ரப்பரும், அசைவை உணர்ந்து எதிர்த்திசையில் தள்ளும் சிறு மோட்டார்களும் வைத்துக் கடைசியில் இரண்டையும் அடக்கினாள். சோதனை நாளில் விளிம்புவரை நீர் நிரப்பிய டம்ளரைத் தளத்தில் வைத்து நாற்பது வளைவுகளும் இறங்கினார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த டம்ளரின் படம் பத்திரிகைகளில் வந்தது.

நான்கு வண்டிகள் கட்டினார்கள். ஒன்று வால்பாறைக்கு, மற்றவை ஊட்டி, கொடைக்கானல், கொல்லிமலைக்கு. மலைகளிலிருந்து குழந்தைகள் இறங்கி வந்தன. மூன்றில் ஒன்று வழியிலோ வந்து சேர்ந்த அன்றோ இறந்தது. அவ்வளவு சிறிய உயிர்களில் மூன்றுக்கு இரண்டு பிழைப்பதே பெரிது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். வால்பாறை வண்டி மட்டும் விதிவிலக்கு. முதல் வருடத்தில் பதினொரு குழந்தைகளைக் கொண்டுவந்தது, பதினொன்றும் பிழைத்தன. அந்த மருத்துவமனைக்குக் கைராசி என்று பேசிக்கொண்டார்கள்.

வருடாந்தரச் சர்வீஸுக்கு வால்பாறை வண்டி பட்டறைக்கு வந்தபோது மிருதுளா அடியில் படுத்துப் பார்த்தாள். ஆறு பிராக்கெட்டுகளில் புஷ் என்கிற ரப்பர் வளையம் தவறானதாகப் போட்டிருந்தது. அளவு சரி, பொருள் வேறு, மெத்தென்று இருந்தது. சப்ளை செய்தவர்கள் கலந்துவிட்டிருக்க வேண்டும். மோட்டார்களாலும் ஈடுகட்ட முடியாமல், ஒரு வருடமாக அந்தத் தளம் ஐந்தாறு மில்லிமீட்டர் ஆடிக்கொண்டே மலை இறங்கியிருக்கிறது. எதுவும் நடக்காமல் இருந்ததே அதிர்ஷ்டம் என்று நினைத்து, அன்றே பன்னிரண்டு பிராக்கெட்டுகளையும் புதிதாக மாற்றினாள். அளவுகளை வாய்விட்டுப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த நான்கு மாதத்தில் வால்பாறையிலிருந்து வந்த ஐந்து குழந்தைகளில் மூன்று இறந்தன.

விசாரணை நடந்தது. வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். தளத்தின் அசைவு எங்கும் அரை மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. வாகனத்தில் குறை இல்லை என்று அறிக்கை வந்தது. பட்டறை முதலாளி அதை மிருதுளாவிடம் கொடுத்துவிட்டு, இனிமேலாவது நன்றாகத் தூங்கச் சொன்னார். அவள் மறுநாள் காலை முதல் பேருந்தில் வால்பாறைக்குப் போனாள்.

வண்டியை ஓட்டியவர் தேவசகாயம். தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இருபது வருடம் அந்த மலையில் பேருந்து ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தார். மருத்துவமனைக்கு எதிரே இருந்த டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மிருதுளா கேட்டதற்கெல்லாம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னார். டீ ஆறிப்போனது.

பிறகு அவரே ஆரம்பித்தார். "மேடம், நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்ணா."

"நீங்க சரி பண்ணிக் குடுத்த பிறகுதான் மேடம் புள்ளைங்க சாகுது."

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டே, விசாரணைக்கு வந்தவர்களிடமும் இதைச் சொன்னதாகவும், டிரைவர் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை என்றும் சொன்னார். முன்பெல்லாம் வளைவு திரும்பும்போது பின்னால் பாரம் லேசாகச் சாய்ந்து நிமிர்வது ஸ்டியரிங்கில் தெரியுமாம். இப்போது பின்னால் எதுவுமே இல்லாததுபோல் இருக்கிறதாம்.

அவள் எழுந்து மருத்துவமனைக்குள் போனாள். குழந்தைகளைக் குடத்தில் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் பர்வீன். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, ஆனால் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. இறந்த மூன்று குழந்தைகளின் இதயத்துடிப்புப் பதிவுகளை எடுத்துக் காட்டினார். மூன்றும் ஒரே மாதிரி இறங்கியிருந்தன. நூற்று ஐம்பதில் புறப்பட்டு, பத்து வளைவுக்குள் நூற்று இருபது, பாதி மலையில் தொண்ணூறு. எங்கும் திடீர்ச் சரிவு இல்லை. விளக்கின் திரியை யாரோ மெதுவாகக் குறைத்ததுபோல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில குடம் ஒரு மேஜை மேல இருக்கு," என்றார் பர்வீன். "பம்பு அடிக்கறது அதுக்குத் தெரியும், நர்ஸ் கை வைக்கறது தெரியும். உங்க தளத்துல அது எதுவுமே போய்ச் சேராது. வயித்துக்குள்ள எந்தக் குழந்தையும் அவ்வளவு அசையாம இருந்ததில்ல, மிருதுளா. அம்மா நடப்பா, குனிவா, படி ஏறுவா. அசைவு நின்னுபோச்சுன்னா அந்தக் குழந்தைக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க."

மிருதுளாவுக்கு அர்த்தம் புரிந்தது. தாய் போய்விட்டாள் என்று அர்த்தம்.

அன்று மாலை கீழே இறங்கும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள், ஒவ்வொரு வளைவிலும் தன் உடம்பு சாய்ந்து நிமிர்வதைக் கவனித்துக்கொண்டே வந்தாள். ஆழியாறு வருவதற்குள் அழுது முடித்திருந்தாள். பொள்ளாச்சியில் பேருந்து நின்றபோது கைப்பையிலிருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் முதல் கோட்டைப் போட்டாள்.

தவறான ரப்பர் தற்செயலாகச் செய்த வேலையை, இனி தெரிந்தே செய்ய வேண்டும். அதே சமயம், தளம் எந்த நிலையிலும் வண்டியை விட்டுக் கழன்று போகக்கூடாது. மெத்தென்ற ரப்பர் ஒருநாள் கிழியும். அன்று குடம் சுவரில் மோதும். மோட்டார்களை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு பிராக்கெட்டுக்குள்ளும் வில்போல வளைந்த ஒரு எஃகுப் பட்டையை வைத்தாள். வண்டி சாயும்போது பட்டை மெதுவாக வளைந்துகொடுக்கும். கல்லிலும் குழியிலும் வரும் வேகமான அதிர்வைப் பட்டையின் இருபக்கமும் ஒட்டிய ரப்பர் விழுங்கிவிடும். ஆறு மில்லிமீட்டர் நகர்ந்ததும் ஒரு தடித்த கொக்கி சேஸிஸைப் பிடித்துக்கொள்ளும். பதினேழு மாதிரிகள் செய்தார்கள். பதினாறில் பட்டை உடைந்தது, அல்லது கொக்கி தாமதமாகப் பிடித்தது. பதினேழாவதைப் போட்டு, வண்டியின் பாடியை முழுதாகத் தலைகீழாகத் திருப்பினார்கள். குடத்தின் எடைக்கு மூட்டை கட்டிய தளம் அப்படியே தொங்கியது. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டறையே கூடி நின்று பார்த்தது.

சான்று கிடைக்கவில்லை. ஆறு மில்லிமீட்டர் என்பது விதியைவிடப் பன்னிரண்டு மடங்கு. சான்றளிக்கும் அதிகாரி பொறுமையான மனிதர். பதிவுகளையெல்லாம் வாங்கிப் படித்தார், வருத்தப்பட்டார்.

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம்ங்க. ஆனா நான் சரக்குக்குச் சான்று தர்றவன். சரக்கு ஆடக்கூடாதுன்னுதான் என் புஸ்தகத்துல இருக்கு."

விதியை மாற்ற வேண்டுமென்றால் குழந்தை பிழைத்த ஆதாரம் வேண்டும். விதி மாறாமல் குழந்தையை ஏற்ற முடியாது. அவரால் செய்ய முடிந்தது, வெறும் குடத்தோடு சோதனை ஓட்டம் நடத்த மூன்று மாத அனுமதி. அதை வாங்கிக்கொண்டு மிருதுளா, புதிய பிராக்கெட்டுகள் பூட்டிக் கட்டிய ஐந்தாவது வண்டியோடு வால்பாறைக்கு ஏறினாள். குடத்தில் மணல் அடைத்த பொம்மையை மிதக்கவிட்டு தேவசகாயமும் அவளும் தினமும் இறங்கி ஏறினார்கள். பாரம் மறுபடி ஸ்டியரிங்கில் தெரிகிறது என்று அவர் முதல் நாளே சொன்னார்.

ஜூலை பிறந்து இரண்டாவது வாரம், விடாத மழை. காலை ஒன்பது மணிக்குப் பொன்னாரை எஸ்டேட்டிலிருந்து சுனிதாவைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது. அவள் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்கள். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். இருபத்து மூன்று வாரம் முடிந்து இரண்டு நாள். பதினொரு மணிக்கு அவள் மகள் குடத்துக்குள் இருந்தாள். எடை ஐந்நூற்று இருபது கிராம்.

முற்றத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்றுக்குச் சான்று இருந்தது.

டாக்டர் பர்வீன் சுனிதாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னார். ஒரு வண்டி சட்டப்படி சரியானது, அந்த மாதிரி வண்டிகளில் மூன்றில் ஒரு குழந்தை இறக்கிறது, இங்கிருந்து போனதில் ஐந்துக்கு மூன்று இறந்தன. இன்னொரு வண்டியில் இதுவரை எந்தக் குழந்தையும் போனதில்லை. அதில் அனுப்பி ஏதாவது ஆனால் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சுனிதாவின் கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுனிதா கதவருகே நின்ற மிருதுளாவைப் பார்த்து, இவர்கள்தான் அந்த வண்டியைச் செய்தவர்களா என்று கேட்டாள். பிறகு கையை அசைத்துக் கூப்பிட்டாள்.

"நேத்து வரைக்கும் கூடையோட ஏறி இறங்கிட்டுதான் இருந்தேன்க்கா. அதுக்கு ஆட்டம்தான் தெரியும். ஆடுற வண்டியிலயே கொண்டு போங்க."

பர்வீன் அதை அப்படியே எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார். மிருதுளா பேனாவை வாங்கித் தன் பெயரையும் போட்டாள். தேவசகாயம் தானாகவே வந்து மூன்றாவதாகக் கையெழுத்திட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

வளைவுகளுக்கு எண் கீழிருந்து மேலே; இறங்கும்போது முதலில் வரும் நாற்பதாவது வளைவில் இதயத்துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. பின்னால் குடத்தின் இருபக்கமும் பர்வீனும் மிருதுளாவும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வண்டி திரும்பும்போது தளம் ஒரு மூச்சு அளவுக்கு நகர்ந்து திரும்பியது. குடத்துக்குள் நீர் சாய்ந்து நிமிர்ந்தது. முப்பதாவது வளைவில் நூற்று ஐம்பது. முன்பு நூற்று இருபதுக்கு இறங்கும் இடம் அது. பர்வீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபதாவது வளைவில் நூற்று நாற்பத்தொன்பது. மிருதுளா தன் இரு கைகளையும் தளத்தின்மேல் விரித்து வைத்திருந்தாள். எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒன்பதாவது வளைவுக்குச் சற்று மேலே மண்ணும் கல்லுமாக மலையின் ஓரம் சரிந்து சாலையில் விழுந்தது. தேவசகாயத்துக்கு இரண்டே வழி: வலப்பக்கம் பள்ளத்தாக்கு, இடப்பக்கம் மலையை ஒட்டிய மழைநீர்க் கால்வாய். கால்வாய்க்குள் இறக்கினார். முன்சக்கரம் தொப்பென்று விழுந்து வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. பன்னிரண்டு கொக்கிகளும் ஒரே சமயத்தில் பிடித்த சத்தம் தளத்துக்கு அடியிலிருந்து டக்கென்று ஒரே சத்தமாகக் கேட்டது. பர்வீன் பெல்ட்டில் தொங்கினார். குடம் தளத்தோடு சாய்ந்து, தளத்தோடு நின்றது. ஒரு குழாய்கூட விலகவில்லை. நூற்று அறுபத்திரண்டு, நூற்று ஐம்பத்தைந்து, நூற்று ஐம்பது.

பின்னால் வந்த அரசுப் பேருந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். குடத்தில் மிதந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பேருந்தைத் தட்டினார். நாற்பது பேர் மழையில் இறங்கினார்கள். தோட்டத்துப் பெண்கள், கல்லூரி மாணவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். உள்ளே குழந்தை இருக்கிறது, குலுக்காமல் தூக்க வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார். அவர் விசில் ஊத, எல்லோரும் தோள் கொடுத்தார்கள். மூன்றாவது விசிலில் சக்கரம் மேலே ஏறியது. இன்னும் சிலர் வெறுங்கையால் சாலையிலிருந்த கற்களை உருட்டித் தள்ளி வழி செய்தார்கள். வண்டி நகர்ந்தபோது யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். மலைச்சரிவெங்கும் அது கேட்டது.

மாலை நான்கு மணிக்குக் கோயம்புத்தூரில் குடத்தை இறக்கினார்கள். நூற்று நாற்பத்தேழு. பர்வீன் காரிடாரில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

விசாரணைக் கடிதம் நான்காம் நாள் வந்தது. சான்றில்லாத வண்டியில் சரக்கு ஏற்றியதற்கு மூவரும் விளக்கம் தர வேண்டும். மிருதுளா பதிலுக்கான ஆதாரங்களைத் தயாரித்தாள். தளத்தின் அசைவை ஒரு கோடாகவும், குடத்தில் பதிவான குழந்தையின் அசைவை அதன் கீழே இன்னொரு கோடாகவும் ஒரே காகிதத்தில் வரைந்தாள். ஆட்டம் குழந்தையைத் தொந்தரவு செய்யவில்லை என்று காட்டினால் போதும் என்பதுதான் அவள் எண்ணம்.

கோடுகள் பொருந்தவில்லை. ஆரம்ப வளைவுகளில் வண்டி திரும்பிய பிறகு குழந்தை கையையும் காலையும் மடக்கியது. சரி. ஆனால் இருபத்தாறாவது வளைவிலிருந்து, வண்டி திரும்புவதற்கு இரண்டு நொடி முன்னாலேயே மடக்கியிருந்தது. கடிகாரம் பிசகிவிட்டது என்று நினைத்தாள். மூன்று முறை சரிபார்த்தாள். கடிகாரம் சரியாகவே இருந்தது. அப்புறம்தான் தளத்தின் கோட்டில் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருப்பதைப் பார்த்தாள். தேவசகாயம் பிரேக்கை மிதிக்கும் இடம். தளம் முன்பக்கம் லேசாக நகரும், பிறகுதான் வளைவு.

பதினான்கு வளைவுகளில் குழந்தை அதைக் கற்றுக்கொண்டிருந்தது. பதினைந்தாவதில், பிரேக்கை உணர்ந்ததும் வளைவுக்குத் தயாராகியிருந்தது.

அந்தக் காகிதத்தைச் சான்றளிக்கும் அதிகாரியின் மேஜையில் விரித்து, அவள் விரலால் ஒவ்வொரு வளைவாகத் தொட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, தானும் விரலை வைத்து முதலிலிருந்து எண்ணினார். எண்ணி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"சரக்கு இப்படிப் பண்ணாதுங்க," என்றார்.

செப்டம்பரில் விதி மாறியது. குடத்தில் இருப்பவர் பயணி என்று எழுதினார்கள். தளத்தின் அசைவு நான்கு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் எழுதினார்கள். அக்டோபரில் சுனிதாவின் மகளைக் குடத்திலிருந்து எடுத்தார்கள். அறை முழுவதும் கேட்கும்படி அழுதாள். அன்று கையெழுத்துப் போட்ட மூவரும் அங்கே இருந்தார்கள். மான்சி என்று பெயர் வைத்தார்கள்.

மிருதுளாவுக்கு அதற்கப்புறமும் வேலை இருந்தது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகப் பட்டறைக்கு வந்தன. பழைய பிராக்கெட்டுகளைக் கழற்றிப் புதியதைப் பூட்டினாள். இறந்துபோன அந்த மூன்று குழந்தைகளின் வீடுகளுக்கும் போய், நடந்ததைத் தன் வாயால் சொன்னாள். ஒரு வீட்டில் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஒரு வீட்டில் கேட்டுவிட்டு எழுந்துபோனார்கள். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை; சொல்ல வந்ததைக் கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

டிசம்பர் மாதம் ஒரு காலையில், ஊட்டி வண்டிக்குள் முட்டி போட்டுக் கடைசிப் பிராக்கெட்டின் அளவை அவள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது பர்வீனின் அழைப்பு வந்தது. கொல்லிமலை வண்டி அன்றுதான் புதிய தளத்தோடு முதல் குழந்தையை இறக்கியிருந்தது. எழுபது வளைவுகள். குழந்தை நலமாகச் சேர்ந்துவிட்டது என்றார் பர்வீன். மிருதுளா மூச்சை விட்டாள். பர்வீன் இன்னும் ஏதோ சொல்லத் தயங்கினார்.

"பதிவை இப்பதான் பார்த்தேன். மான்சிக்குப் பதினாலு வளைவு ஆச்சு இல்லையா?"

"ஆமா."

"இவன் அஞ்சுலயே கத்துக்கிட்டான். ஆனா அது இல்ல மிருதுளா. அடிவாரத்துல வண்டி அரை மணி நேரம் நின்னிருக்கு. அசைவே இல்ல. அப்ப அவன் கையையும் காலையும் மாத்தி மாத்தி உதைச்சு, தளத்தை அவனே ஆட்டியிருக்கான்."

மிருதுளா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். எவ்வளவு என்று கேட்டாள். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆனால் கோட்டில் தெளிவாகத் தெரிகிறது என்றார் பர்வீன்.

அவள் அப்படியே அந்தத் தளத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பட்டறையில் கிரைண்டர் சத்தம் நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் வண்டியின் வாசலுக்கு வந்தார்கள்.